முருகையன் பக்கத்தில் விளம்பரம்

விளம்பரமே வேண்டாம் என்றுதான் அன்னக்கிளி முதலில் சொன்னாள். கடலில் போனவர்கள் முகத்துக்குப் பக்கத்தில் சோப்பும் காரும் வந்து நின்றால் பார்க்கிற சனம் என்ன நினைக்கும் என்று கேட்டாள். க்ளெமான்ஸ் மதாம் காப்பியில் ரொட்டியை முக்கித் தின்றபடி அவள் சொல்வதை முழுக்கக் கேட்டார். பிறகு, "அப்ப கட்ட காசில்லாம டிசம்பரோட வெப்சைட்ட மூடிடலாம்ன்றியா?" என்றார்.

அன்னக்கிளி நிரம்பிய வாளியைத் தூக்கிப்போய் முற்றத்தில் கொட்டினாள்.

2007-ஆம் வருஷத்து ஐப்பசி. வைசியாள் வீதியில் மதாமின் பழைய வீட்டு மச்சு மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகிய இடத்திலெல்லாம் அன்னக்கிளி வாளியும் அண்டாவும் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் மேசையை மட்டும் நனையாத மூலைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

மதாம் லியோன் நகரத்தில் முப்பது வருஷம் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். புருஷன் செத்ததும் பென்ஷனோடு பிறந்த ஊருக்குத் திரும்பினார். திரும்பிய மறு வருஷம் மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. மதாம் கனகசெட்டிக்குளத்தில் தொடங்கித் தெற்கே ஒவ்வொரு குப்பமாகப் போய், உடம்பு கிடைக்காதவர்களின் போட்டோவைக் கேட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் என்று 'காணவில்லை' என்ற வெப்சைட்டைப் போட்டார். வேறு எந்தக் கரையிலாவது, எந்த ஆஸ்பத்திரியிலாவது யாராவது பார்த்துவிட்டுத் தகவல் சொல்லமாட்டார்களா என்ற நப்பாசை. மொத்தம் முப்பத்தேழு பக்கங்கள். மூன்று வருஷத்தில் ஒரு தகவலும் வரவில்லை.

கேள்விப்பட்டு வீடு தேடிப் போட்டோ கொடுக்க வந்தவர்களில் ஒருத்திதான் கனகசெட்டிக்குளத்து அன்னக்கிளி. கடல் வந்த அன்றைக்குக் காலையில் அவள் புருஷன் முருகையன், நாலு வயசு மகள் இனியாவைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனான். குழந்தையின் உடம்பு அன்று சாயங்காலமே முள்வேலியில் கிடைத்துவிட்டது. முருகையன் கிடைக்கவில்லை. பிள்ளையைத் தேடிக் கடலுக்குள்ளேயே போய்விட்டான் என்று ஊரில் சொன்னார்கள். அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்க முடியாமல் ரெட்டியார்பாளையத்தில் அண்ணன் ராஜாங்கம் வீட்டோடு வந்துவிட்டாள். போட்டோ கொடுக்க வந்த இடத்திலேயே சமையல் வேலையும் கிடைத்தது. மதாமுக்கு வடவம் தாளித்து மீன் குழம்பு வைத்துக் கொடுப்பாள். அவள் மீனைத் தொட்டுத் தின்று மூன்று வருஷம் ஆகிறது. பத்தாவது வரை படித்தவள் என்பதால் தமிழ் டைப்பிங் சீக்கிரம் பிடிபட்டது. முப்பத்தேழு பக்கங்களையும் இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"மூணு கம்பெனி பாத்து வச்சிருக்கேன்" என்று மதாம் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தைக் காட்டினார். "மொதல்ல கிளிக்பஜார். இவன் நெறயக் குடுக்குறான். ஆனா பக்கத்தத் தொறந்தா மேல ஒரு படம் குதிச்சு வந்து நிக்கும். அத மூடினாத்தான் அடியில இருக்கிறது தெரியும்."

"இன்னா படம்?"

மதாம் மாதிரிக்கு ஒரு பக்கத்தைத் திறந்தார். சீட்டுக்கட்டும் அரைகுறைத் துணியோடு ஒரு வெள்ளைக்காரியும் திரையை அடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"அய்ய. செத்தவங்க மூஞ்சி மேல கொண்டாந்து நிறுத்துற படமா இது? வேணாம் மதாம்."

"ரெண்டாவது அட்வேவ். பிரான்சுக்காரன். லெட்டர் எழுதறதுன்னாலும் எனக்குச் சுலபம். படந்தான், ஆனா குதிக்காது, ஓரமா நிக்கும்."

"அட்வேவ்னா இன்னா அர்த்தம்?"

"அட்னா விளம்பரம். வேவ்னா..." மதாம் நிறுத்திக்கொண்டார். "அலை."

மதாமே அந்தப் பெயரைப் பேனாவால் அடித்தார்.

"மூணாவது டெக்ஸ்ட்லைன். இவன்கிட்ட படமே கெடையாது. எழுத்துதான், மூணு வரி நாலு வரி. நம்ம பக்கத்துல இன்னா எழுதியிருக்குன்னு அவன் மெஷினே படிச்சுப் பாத்து அதுக்குத் தோதா ஒரு விளம்பரம் கொண்டாந்து வைக்கும். கம்மியாத்தான் குடுப்பான், கண்டிப்பும் ஜாஸ்தி. ஆனா எந்தப் பக்கத்துல எத்தினி பேரு விளம்பரத்த அமுக்குனாங்கன்னு பக்கம் பக்கமா ரிப்போர்ட் வரும்."

"மெஷினுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. கீழ இங்கிலீஷ்ல நான் போட்டிருக்கேன் இல்ல, அதப் படிக்கும்."

அன்னக்கிளி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "எழுத்துதான? எழுத்துன்னா பரவால்ல. சத்தம் போடாம ஒரு ஓரமா இருந்துட்டுப் போவும்."

"வுவாலா" என்றார் மதாம். தீர்ந்தது என்கிற இடத்தில் அவர் வாயில் வருகிற வார்த்தை அது.

டெக்ஸ்ட்லைன் ஒத்துக்கொண்டு பதில் போட ஒன்பது நாள் ஆனது. அவர்கள் அனுப்பிய நாலு வரிக் குறியீட்டை ஒவ்வொரு பக்கத்திலும் சொருகும் வேலையை அன்னக்கிளி செய்தாள். அதோடு விடாமல், எல்லாப் பக்கங்களிலும் தானாகவே ஒரு வரியும் சேர்த்தாள்: 'இந்தப் பக்கங்களில் வரும் விளம்பரங்களை வைத்துத்தான் இந்தத் தளம் நடக்கிறது.' பார்க்கிற சனம் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக.

சாயங்காலம் நாலு மணிக்கு விளம்பரங்கள் வந்து உட்கார்ந்தன. மதாம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னார். படகோட்டி ஒருவர் பக்கத்தில், பத்தே நாளில் நீச்சல் கற்றுக்கொள்ளலாம். ஐஸ் வண்டிக்காரர் பக்கத்தில், கடலைப் பார்த்த மாதிரி வீட்டுமனைகள். முருகையன் பக்கத்துக்கு வந்ததும் மதாம் படிக்காமல் நின்றார்.

"இன்னா போட்டிருக்கு?"

"காணாமப் போனவரைத் தேடறீங்களா? அவர் இருக்கிற எடம் எங்களுக்குத் தெரியும்."

"இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுடி. மிஸ்ஸிங்னு எழுதியிருக்கிறதப் படிச்சுது, ஆள் தேடிக் குடுக்கிற கம்பெனிக்காரன் விளம்பரத்தக் கொண்டாந்து வச்சுது. அது மெஷின். அதுக்கு நீ யாரு, நான் யாரு."

மதாம் சொன்னது புரிந்தது. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்த வாசகம் அவள் காதிலேயே நின்றது. இருக்கிற எடம் தெரியும்.

அந்தப் பக்கத்தில் இருந்த போட்டோ மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் எடுத்தது. முருகையன் தோளில் இனியா உட்கார்ந்து அவன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்திருப்பாள். வீட்டில் இருந்ததெல்லாம் தண்ணீரோடு போய்விட, ராஜாங்கம் வீட்டில் இருந்த இந்த ஒரு பிரதி மட்டும் தப்பியது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மிஞ்சிய ஒரே படம்.

தினமும் சமையலை முடித்துவிட்டு ரிப்போர்ட்டைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமானது. முப்பத்தாறு பக்கங்களில் பூஜ்யம், பூஜ்யம் என்று வரிசையாக வரும். எப்போதாவது ஒன்றில் ஒன்று. முருகையன் பக்கத்தில் மட்டும் அவள் வேலைக்கு வருகிற நாளெல்லாம் ஒன்று. கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ பாவம் பார்த்து அமுக்குகிறார்கள் என்று நினைத்தாள்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் வாரம் டெக்ஸ்ட்லைனிலிருந்து மெயில் வந்தது. மதாம் அதை இரண்டு தடவை படித்தார்.

"நம்மளத் திருடின்றான்" என்றார். "ஒரே பக்கத்துல, ஒரே எடத்துலேர்ந்து, தெனம் ஒரு தடவ விளம்பரத்த அமுக்குறாங்களாம். நாமளே காசுக்காக ஆளு வச்சு அமுக்குறோமாம். பத்து நாள்ல நிக்கலன்னா கணக்க மூடிடுவானாம்."

"நாம எங்க அமுக்குனோம்?"

"அதத்தான் பாக்கணும்."

வெப்சைட் இருக்கிற சர்வரில் யார் வந்தார்கள், எந்த நேரத்தில் வந்தார்கள் என்று ஒரு குறிப்பு தானாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். மதாம் அதைத் தேடி இறக்கினார். அரைமணி நேரம் அவர் சுட்டுவிரல் திரையில் கீழே கீழே இறங்கியது. பிறகு அன்னக்கிளியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"இவங்க விளம்பரம் வந்தப்புறம் வந்தவங்க இல்ல அன்னம். ரெண்டு வருசமா வர்றாங்க. உம் புருசன் பக்கத்துக்கு மட்டும். வேற எந்தப் பக்கத்தையும் தொறக்கல. காலையில எட்டு அம்பது, எட்டு அம்பத்தொண்ணு, அவ்ளோதான். பத்து நிமிசம் இருக்காங்க, போயிடறாங்க."

எட்டு ஐம்பது. கடல் வந்த அன்றைக்கு இந்த நேரத்தில் அவள் அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் மணி சொன்னதும் பத்து நிமிஷத்துக்கெல்லாம் தெரு அலறியதும் அவளுக்கு மறக்காது.

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடல் வந்தது ஞாயிற்றுக்கிழமை.

"மோன் தியூ" என்று மதாம் சிலுவை போட்டுக்கொண்டார்.

ரெட்டியார்பாளையத்து வீட்டில் அண்ணி வேம்பு கேழ்வரகு அடையைத் தட்டிக்கொண்டே இதைக் கேட்டாள். ராஜாங்கம் ஈர ஆட்டோவைத் துடைத்துவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். மில் மூடின பிறகு ஆட்டோ ஓட்டுகிறவன்.

"நான் அப்பவே சொன்னன்" என்றாள் வேம்பு. "ஒடம்பு கெடைக்காம வெறுஞ் சட்டைய வச்சித்தான காரியம் பண்ணோம்? சட்டைக்குப் பண்ண காரியம் ஆளுக்குப் போயி சேருமா? நடுவுல நின்னுகினு தவிக்குது."

"கம்ப்யூட்டர்ல வந்தா தவிக்கும்?" என்றான் ராஜாங்கம்.

"அதோட படம் அங்கதான கெடக்கு? படம் எங்கயோ அங்கதான் வரும். எங்க ஊருல ஒருத்தி, அவ புருசன் போட்டோவ வீட்ட விட்டுத் தூக்கினப்பறந்தான் அது அடங்கிச்சி."

"சும்மா இரு. புள்ள பயந்துடப் போவுது."

"நான் பயப்படலண்ணே" என்றாள் அன்னக்கிளி. "அவரு வந்தா நான் எதுக்குப் பயப்படணும்?"

அவள் அப்படிச் சொன்ன விதத்தைக் கேட்டுத்தான் ராஜாங்கத்துக்குப் பயம் வந்தது. அடையைப் பிட்டவன் அப்படியே வைத்துவிட்டான்.

மறுநாள் அவள் எட்டு மணிக்கே மதாம் வீட்டுக்குப் போய்விட்டாள். மழை இருட்டிக்கொண்டு நின்றது. மதாம் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். முருகையன் பக்கத்தின் அடியில், இதுவரை எத்தனை தடவை திறந்தார்கள் என்று ஒரு எண் இருக்கும். இந்த வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பார்த்தால் ஏறாதபடி மதாம் முன்பே செய்து வைத்திருந்தார். 744 என்று நின்றது.

எட்டு நாற்பத்தைந்துக்கு ஒரு தடவை புதுப்பித்தாள். 744. எட்டு நாற்பத்தெட்டு. 744. கரண்டு போனது. பேட்டரிப் பெட்டி கீச் கீச் என்று கத்தத் தொடங்கியது. வீடு முழுக்க அந்தத் திரை வெளிச்சம் ஒன்றுதான். முருகையன் சிரித்துக்கொண்டிருந்தான். பிள்ளை அவன் முடியைப் பிடித்திருந்தாள். எட்டு ஐம்பத்தொன்றுக்கு அமுக்கினாள்.

745.

இப்போது, இந்த நிமிஷம், அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து இதே படத்தைப் பார்க்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் புறம் நிற்கிற மாதிரி. அவள் திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"நீயாய்யா?" என்றாள் மெதுவாக.

பேட்டரிப் பெட்டி கத்தி ஓய்ந்து திரை கறுத்தது. மதாம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் அந்தக் கறுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்று மதியம்தான் மதாம் முன்பே பார்த்திருக்க வேண்டிய ஒன்றைப் பார்த்தார். குறிப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும், வந்தவர் அதற்கு முன் எந்தப் பக்கத்தில் இருந்து தாவி வந்தார் என்பது இருந்தது. எல்லா நாளும் ஒரே பக்கம். மதாம் அதைத் திறந்தார். ரோஜாப்பூப் படம் போட்ட ஒரு இலவசப் பக்கம். மேலே 'வேங்கை நெட் சென்டர், கோரிமேடு' என்று கொட்டை எழுத்து. கீழே ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட், கரண்டு பில் என்று வரிசையாக இணைப்புகள். கடைசியில் தனியாக ஒன்று: 'அண்ணனுக்கு.' அதை அமுக்கினால் நேராக முருகையன் பக்கம் திறந்தது.

"நானும் வர்றேன்" என்றார் மதாம்.

"வேணாம் மதாம். நான் மட்டும் போயிட்டு வர்றன்."

"போலீஸ்ல சொல்லிட்டுப் போவலாமா?"

"இன்னான்னு சொல்றது?"

மறுநாள் காலை கோரிமேட்டுக்குப் போகிற பஸ்ஸில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். கையில் எக்ஸ்ரே கவர், பிளாஸ்டிக் கூடையில் கஞ்சிப் பாத்திரம், மடியில் படுத்த பிள்ளை. அன்னக்கிளி கூடவே இறங்கினாள். மருந்துக் கடைக்கு மேலே குறுகலான படியேறினால் நெட் சென்டர். மணி எட்டரை. கொளஞ்சி என்கிற இளவயசுக்காரன் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தான். நோட்டில் பேரும் விலாசமும் எழுதச் சொன்னான். எழுதினாள்.

"உங்க பக்கத்துல அண்ணனுக்குன்னு ஒண்ணு இருக்கே, அது இன்னா?"

"அதுவா? டீக்கார அண்ணன் ஒருத்தரு. கீழ பேசண்டுங்களுக்கு வெந்நி, டீ வாங்கித் தருவாரு, ஸ்ட்ரெச்சர் தள்ளுவாரு. அவரு தம்பி சுனாமியில பூட்டாராம். ஞாயித்துக்கெழம கட லீவு, மத்தபடி தெனம் வந்து அந்தப் படத்தப் பாப்பாரு. டைப் அடிக்க வராது, அதான் ஒரு லிங்க் போட்டுக் குடுத்தன். மொத ஆளு அவருதான், அவரு போனப்பறந்தான் எனக்கு யாவாரம். நீங்க வேண்டியவங்களா?"

அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அவன் காட்டிய தடுப்புக்குள் போய் உட்கார்ந்தாள். ஒட்டுப்பலகைத் தடுப்பு, இரண்டு பலகைக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி.

படியில் ஒரு காலை இழுத்து இழுத்து ஏறிவருகிற சத்தம் கேட்டது. டீ கிளாஸ்கள் கம்பிக்கூடையில் உரசின.

"இன்னாண்ணே, மழையில நனஞ்சிட்டியா?"

"நாலாம் வார்டுல ஒரு கெழவருக்கு வெந்நி கேட்டாங்க. அதான்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துத் தடுப்பில் அவன் உட்கார்ந்தான். மழைநீரும் பினாயிலும் கலந்த வாடை வந்தது. இடைவெளியில் பார்த்தாள். தாடி. நரைத்த தலை. கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. முப்பத்தெட்டு வயசுக்காரனுக்கு அறுபது வயசு முகம். திரையில் படம் திறந்தது. அவன் இடது உள்ளங்கையைக் கொண்டுபோய்த் திரையின் மேல் வைத்தான். படத்தில் இருந்த தன் முகத்தை முழுக்க மூடிவிட்டு, மேலே உட்கார்ந்திருந்த பிள்ளையை மட்டும் பார்த்தான். வாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.

அவள் எவ்வளவு நேரம் பார்த்தாளோ. கடைசியில் அவன் கையை எடுத்துவிட்டு, மௌஸை நகர்த்தி, அம்பை விளம்பரத்துக்கு மேல் கொண்டுவந்தான்.

"அத அமுக்காத" என்றாள் அன்னக்கிளி.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவன் திரும்பவில்லை. கை அப்படியே நின்றது. குரல் திரைக்குள்ளிருந்து வந்தது என்று நினைத்தானோ என்னவோ, பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போய்த் தடுப்பு வாசலில் நின்றாள். அப்போதுதான் பார்த்தான். நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டான்.

"எதுக்கு தெனம் அமுக்குற?"

"அத... அதுல வர்ற காசுலதான் நடக்குதுன்னு போட்டிருந்திச்சி" என்றான். உதடு கோணியது. "கொளஞ்சி படிச்சிச் சொன்னான். ஒனக்கு எதுனா வந்து சேரும்னு நெனச்சன். என்னால வேற இன்னா பண்ண முடியும்?"

"நீ அமுக்குறதாலதான் கணக்க மூடறன்றான். எங்களத் திருடின்றான்."

"எனக்குத் தெரியாது அன்னம்."

கொளஞ்சி ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அப்புறம் என்ன தோன்றியதோ, கதவைச் சாத்திவிட்டுப் படிக்குக் கீழே போய்விட்டான்.

"நீ செத்துப் பூட்டன்னு தாலிய அறுத்தன்" என்றாள் அவள். "புள்ளயத் தேடிக் கடல்ல போனவன்னு ஊரே ஒன்னக் கும்புடுது."

"தேடல." அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். "கைய விட்டுட்டன் அன்னம். இழுத்திச்சி, விட்டுட்டன். எங் கைய நானே விட்டன். அப்பறம் இன்னா ஆச்சின்னு தெரியல, சவுக்குத் தோப்புல கெடந்தன், காலு ஒடஞ்சி. பொழுது சாயற நேரம். கூட்டத்துல ஒங் கொரலு கேட்டிச்சி. எம் புள்ளய அவரு கையிலதான குடுத்தன், அவரு கையிலதான குடுத்தன்னு கத்திகினு இருந்த. நான் இருந்த எடத்துலேர்ந்து முப்பதடி இருக்கும். வாயத் தொறந்து கூப்புட்டிருக்கலாம். முடியல. அடிபட்டவங்கள ஏத்திகினு ஒரு வேன் வந்திச்சி, ஏத்துனாங்க. இங்க கொண்டாந்து போட்டாங்க. பேரு கேட்டப்ப வேற பேரு சொன்னன். காலு சரியாவுறதுக்குள்ள இங்கயே பழகிடுச்சி."

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வார்த்தையை அவள் கத்தியது நினைவிருந்தது. எத்தனையோ தடவை கத்தினாள். யார் காதில் விழுகிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

"அடுப்பு வேல இருக்குன்னு நான்தான் அவள ஒங்கூட அனுப்புனன்" என்றாள் கொஞ்சம் கழித்து. "போவமாட்டேன்னு அழுதா. முதுவுல ஒண்ணு வச்சி அனுப்புனன்."

கீழே ஆஸ்பத்திரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு அவன் கேட்டான், பிள்ளை காதில் விழுந்துவிடக் கூடாது என்கிற மாதிரித் தணிந்த குரலில்:

"எங்க வச்சிருக்கீங்க அவள?"

அவனுக்கு அதுகூடத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அமுக்குவது நின்ற பிறகும் டெக்ஸ்ட்லைன் கணக்கை மூடியது. நடந்ததை நடந்தபடி மதாம் எழுதிப் போட்டும் அவர்களிடமிருந்து மூன்றே வரியில் பதில் வந்தது, அதுவும் மெஷின் எழுதியது போலத்தான் இருந்தது. மதாம் அந்த வருஷம் மச்சைப் பழுது பார்க்கவில்லை. ஒழுகலுக்கு அடியிலேயே இருந்துகொண்டு வெப்சைட்டை நடத்தினார். அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு அவர்கள் இரண்டு பஸ் மாறிக் கனகசெட்டிக்குளத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. மழை விட்டு வானம் ஈயம் மாதிரிக் கிடந்தது. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தும் அவள் அவனைத் தொடவில்லை. மன்னித்துவிட்டாளா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பிள்ளை இருக்கிற இடத்தைக் காட்டவேண்டும், அது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது.

ரோட்டிலிருந்து இறங்கும்போதே அலைச் சத்தம் கேட்டது. அவன் நின்றுவிட்டான். அவள் நாலடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்துக் காத்து நின்றாள். பிறகு வந்தான், காலை இழுத்துக்கொண்டு.

வலைக்கூடத்தில் உட்கார்ந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்தார். கையில் இருந்த ஊசியைக் கீழே போட்டார். பேச்சு ஒவ்வொரு வாயாக அடங்கியது. கருவாடு திருப்பிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி வீல் என்று கத்திவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். நாய் ஒன்று குரைத்துக்கொண்டே பின்னால் போனது. யாரும் கிட்டே வரவில்லை. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் அந்தத் தெருவைக் கடந்து சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த மணல் மேட்டுக்குப் போனார்கள். ஊரே சத்தமில்லாமல் இருபதடி இடைவெளி விட்டுப் பின்னால் வந்தது.

கடல் வந்தபோது புதைத்தவர்களுக்கு நட்ட கற்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மூன்றாவது வரிசையில் ஐந்தாவதை அவள் காட்டினாள். மூன்று வருஷத்தில் அடும்புக்கொடி ஏறி மூடியிருந்தது. முருகையன் மண்டியிட்டான். அழவில்லை. கொடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தான். ஈர மணலை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினான். அந்தக் கை நின்ற இடத்தை விட்டு நகராமல் அப்படியே கிடந்தது.

கூட்டத்திலிருந்து ஒருத்தி மட்டும் பிரிந்து வந்தாள். சின்னக்கண்ணுவின் அம்மா. பதினேழு வயசு மகன். கடல் வந்ததற்கு முதல்நாள் கட்டுமரத்தில் போனவன் திரும்பவில்லை. வெப்சைட்டில் பன்னிரண்டாம் பக்கம் அவனுடையது. அவள் பயப்பட்டதாகத் தெரியவில்லை. முருகையனுக்கு எதிரில் வந்து குந்தி, அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். தாடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஈரம் இருந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"முருகையா" என்றாள். "எம் புள்ளய அங்க எங்கயாச்சும் பாத்தியாடா?"

பின்னால் நின்ற அத்தனை பேரும் அவன் பதிலுக்காக இன்னும் ஓரடி கிட்டே வந்தார்கள்.